மோட்டார் சைக்கிளில் மூட்டை முடிச்சு

தீபாவளியும் பொங்கலும் நெருங்கி வரும் நாட்களில், மும்பையிலும் புனேயிலும் ஐதராபாத்திலும் வாழும் தமிழர் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, ரயிலில் இடம் கிடைத்ததா என்பதே. கிடைக்காதவர்கள் பேருந்தை நாடுகிறார்கள். பேருந்துக் கட்டணத்தைக் கேட்டு மலைத்துப் போனவர்களில் சிலர், அதிலும் இளைஞர்கள், வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிளை ஒரு முறை திரும்பிப் பார்க்கிறார்கள். இதிலேயே போய்விட்டால் என்ன என்ற எண்ணம் அப்போதுதான் பிறக்கிறது. எனக்கும் அவ்வாறுதான் பிறந்தது. புனேயிலிருந்து வேலூருக்கு அருகிலுள்ள எங்கள் ஊர் 1,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். 48-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, சாத்தாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, சித்ரதுர்கா, பெங்களூர், கிருஷ்ணகிரி என்று ஏறக்குறைய வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிடும். இரண்டு பகல் ஓட்டம், நடுவில் ஓர் இரவுத் தங்கல். சாலையைப் பற்றியும் தங்குமிடத்தைப் பற்றியும் பத்துப் பேரிடம் விசாரித்த நான், சாமானை எப்படிக் கொண்டு போவது என்பதைப் புறப்படும் நாளுக்கு முந்தைய இரவில்தான் யோசித்தேன். அந்த அலட்சியத்தின் பலனை வழியிலேயே அனுபவித்தேன். அதை உரிய இடத்தில் சொல்கிறேன்.

முதலில் இந்த வண்டியின் இயல்பைச் சிறிது பார்ப்போம். நம் தந்தையர் காலத்து மோட்டார் சைக்கிளை நினைத்துப் பாருங்கள். சென்னையில் 1955 முதல் உருவாகத் தொடங்கிய என்ஃபீல்டு புல்லட் போன்ற வண்டிகளில் இருக்கை தட்டையாகவும் நீளமாகவும் இருக்கும். பின்னால் இரும்புக் காரியரைப் பொருத்தலாம். பக்கத்துக்கு ஒரு தோல் பையைத் தொங்கவிடலாம். ஒரு மூட்டை அரிசியைக்கூட ஏற்றிச் செல்பவர் உண்டு. ஸ்போர்ட்ஸ் மோட்டார் சைக்கிள் என்று இன்று இளைஞர் விரும்பி வாங்கும் வண்டியோ பந்தயக் குதிரையின் ஜாதி. நம் ஓசூரிலேயே உருவாகும் அப்பாச்சி ஆர்.ஆர். 310, யமஹா ஆர்15 போன்றவை இவ்வகையைச் சேர்ந்தவை. கைப்பிடி தாழ்ந்திருக்கும், ஓட்டுபவர் பெட்ரோல் தொட்டியின் மீது குனிந்து அமர வேண்டும். பின்னால் அமர்பவருக்கென்று இருப்பது உள்ளங்கை அகலப் பலகை. அதுவும் மேல் நோக்கிக் கூர்த்து நிற்கும். காரியர் கிடையாது. நடுத் தாங்கி எனப்படும் சென்டர் ஸ்டாண்டும் கிடையாது. பக்கங்களை மூடியிருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக். அந்தப் பிளாஸ்டிக்குக்கு உள்ளே, இருக்கையைத் தாங்கும் வால் சட்டம் மட்டுமே உலோகம். பாரத்தைத் தாங்கும் உரிமை அந்தச் சட்டத்துக்குத்தான் உண்டு. வெளியே பளபளக்கும் தகட்டுக்கு இல்லை. பையைக் கட்டும்போது இதை மறந்துவிட்டவன் நான்.

கிராமத்தில் மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற சொற்கள் தெரியும். வைக்கோலோ மூட்டையோ வண்டியின் பின்புறம் அதிகமாகிவிட்டால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கும். முன்புறம் அதிகமானால் நுகம் கழுத்தை அழுத்தும். பழகிய வண்டிக்காரர் ஒரு மூட்டையை ஒரு முழம் நகர்த்தி இரண்டையும் சரிசெய்துவிடுவார். ஸ்போர்ட்ஸ் வண்டியிலும் நடப்பது அதுவே. பின்னிருக்கை உயரத்தில் இருப்பதால், அங்கே ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் பின்பாரமாகவும் மேல்பாரமாகவும் ஆகிறது. முன்சக்கரம் இலேசாகிறது. கைப்பிடி, பழைய நண்பனைப்போல் உடனே பதில் சொல்லாமல், சற்றுத் தயங்கிப் பதில் சொல்கிறது. மும்பையிலிருந்து புறப்படுவோருக்கு இது விரைவில் விளங்கிவிடும். புனே செல்லும் விரைவுச் சாலையில் இருசக்கர வண்டிகளுக்கு அனுமதி இல்லை. பழைய நெடுஞ்சாலையில் கண்டாலா மலையை ஏறியாக வேண்டும். பின்னால் பெரும் மூட்டையுடன் அந்த ஏற்றத்தில் திரும்புகிறவர், முன்சக்கரம் நினைத்த கோட்டை விட்டு விலகிச் செல்ல விழைவதை உணர்வார்.

ஆகவே பையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், எவ்வளவு ஏற்றலாம் என்ற கணக்கு அவசியம். வண்டியுடன் தரும் கைப்புத்தகத்தில் உச்ச பாரம் குறிக்கப்பட்டிருக்கும். அது சாமானுக்கு மட்டும் உரிய அளவு அன்று. ஓட்டுபவர், பின்னால் இருப்பவர், தலைக்கவசம், மேலங்கி, பை ஆகிய அனைத்தும் அதில் அடக்கம். உதாரணமாக, 150 கிலோ என்று குறித்திருப்பதாகக் கொள்வோம். 75 கிலோ எடையுள்ள ஒருவர், 60 கிலோ எடையுள்ள மனைவியை ஏற்றிக்கொண்டால் மிச்சம் 15 கிலோ. இருவருடைய தலைக்கவசமும் காலணியும் மேலங்கியும் அதில் பாதிக்கு மேல் தின்றுவிடும். இருவராகச் செல்பவர் சாமானைப் பெரும்பாலும் மறந்துவிட வேண்டியதுதான். தனியாகச் செல்பவருக்கு இடம் இருக்கிறது. ஆனாலும் அந்த மிச்சம் முழுவதையும் பின்னிருக்கையில் வைக்கலாம் என்பது பொருள் அன்று. ஓர் ஆள் அமர்ந்தால் வளைவில் வண்டியோடு சாய்வார். பிரேக் பிடித்தால் தம்மைத் தாங்கிக்கொள்வார். மூட்டைக்கு அந்தப் புத்தி இல்லை. என் அனுபவத்தில், பைகளையும் சேர்த்து 15 கிலோவுக்குள் முடித்துக்கொண்ட பயணங்களே இன்பமாக இருந்தன.

இனிப் பைகளின் வகையைப் பார்ப்போம். பலரும் முதலில் கையில் எடுப்பது முதுகுப் பை. வீட்டில் இருப்பதும் அதுதான். அலுவலகத்துக்கு அரை மணி நேரம் செல்ல அது போதும். ஆறு மணி நேரத்துக்கு ஆகாது. குனிந்து அமரும் வண்டியில் அதன் பாரம் தோளில் தொடங்கி மணிக்கட்டில் வந்து முடிகிறது. தலைக்கவசத்தின் பின்புறம் பையின் மேல் விளிம்பில் இடிப்பதால் கழுத்தை நிமிர்த்த முடிவதில்லை. கீழே விழ நேர்ந்தால் பைக்குள் இருக்கும் கடினமான பொருள் முதுகெலும்பின் மீதே அழுந்தும். தண்ணீர்ப் பையைத் தவிர வேறெதையும் முதுகில் சுமக்க வேண்டாம் என்பது என் கருத்து.

பெட்ரோல் தொட்டியின் மேல் வைக்கும் பை மிகவும் உபயோகமானது. அது வண்டியின் நடுவில் அமைவதால் பாரத்தின் நிலையைக் கெடுப்பதில்லை. சில பைகள் காந்தத்தால் ஒட்டும். சில வாரினால் கட்டப்படும். சில, தொட்டியின் மூடியைச் சுற்றிப் பொருத்திய வளையத்தில் பூட்டிக்கொள்ளும். காந்தப் பை வாங்குபவர், தம் வண்டியின் தொட்டி வெளியே பிளாஸ்டிக்கால் மூடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளிர்பெட்டிக் கதவில் ஒட்டும் சிறு காந்தம் ஒன்றைக் கொண்டுபோய் ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பையை வைத்த பின் இருக்கையில் ஏறி அமர்ந்து, கைப்பிடியை இடக்கோடி, வலக்கோடி இரண்டுக்கும் திருப்பிப் பாருங்கள். தாழ்ந்த கைப்பிடி உள்ள வண்டியில் பை சற்றுப் பெரிதாக இருந்தால் ஹார்ன் பொத்தானை அதுவே அழுத்தும். சில சமயம் கை நசுங்கும். குனிந்தால் மோவாய் பையில் முட்டக் கூடாது. பணப்பை, மருந்து, மழையுடை, சாப்பிட ஏதேனும் ஆகிய இலேசான பொருள்களே அங்கே இருக்கத் தக்கவை. திருகு ஸ்பானர் போன்ற இரும்பை மார்புக்கு எதிரே வைத்துக்கொண்டு ஓட்டுவது விவேகம் அன்று. பையின் அடிப்புறத்தையும் தொட்டியையும் காலையில் ஒரு முறை துடைத்துவிடுங்கள். நடுவில் சிக்கிய மணல், மாலைக்குள் வண்ணத்தைத் தேய்த்துவிடும்.

பின்னிருக்கையில் வைக்கும் பின்பைதான் தனியாகச் செல்பவருக்குப் பிரதானம். 30 முதல் 40 லிட்டர் கொள்ளும் பை நான்கு நாள் பயணத்துக்குத் தாராளம். உயரமான பையைவிட அகலமான, தாழ்ந்த பை நல்லது. கனமானவற்றை அடியிலும், ஓட்டுபவரின் முதுகை ஒட்டிய பக்கத்திலும் வைக்க வேண்டும். துணிமணிகள் மேலேயும் பின்னாலும் போகட்டும். வால் விளக்குக்கு அப்பால் பை நீட்டிக்கொண்டிருந்தால் அது பெரிய பை என்று அறிக. இன்னொரு விஷயம். பின்னால் பை இருக்கும்போது வழக்கம்போல் காலைத் தூக்கிச் சுழற்றி ஏற முடியாது. இதை அறிந்தவர்கள்கூட, களைத்து இறங்கும் நேரத்தில் மறந்து, பூட்ஸ் பையில் இடித்து வண்டியோடு சாய்கிறார்கள். காலை மடக்கி முன்புறமாகக் கொண்டுவரும் பழக்கத்தை வீட்டு வாசலிலேயே நாலைந்து முறை செய்து பார்த்துக்கொள்வது நல்லது.

இருபுறமும் தொங்கும் பக்கப் பைகள் பாரத்தைக் கீழே கொண்டுவருவதால், கணக்குப்படி அவையே சிறந்தவை. ஆனால் ஸ்போர்ட்ஸ் வண்டியில் அவற்றுக்கு இரண்டு பகைவர்கள் உண்டு. ஒன்று, சைலன்ஸர், இன்னொன்று, பின்சக்கரம். பைக்கும் சைலன்ஸருக்கும் இடையே குறைந்தது நான்கு விரற்கடை இடைவெளி வேண்டும் என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவு. அதையும் வண்டி நிற்கும் நிலையில் மட்டும் அளக்கக் கூடாது. ஒருவர் ஏறி அமர்ந்து ஸ்பிரிங் அமுங்கும்போது மறுபடி அளக்க வேண்டும். இடப்புறத்தில் சாரி கார்டு இருக்கிறது அல்லவா? பின்னால் அமர்பவரின் உடை சக்கரத்தில் சிக்காதபடி, பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் காப்பு இருக்க வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் கண்ட நிபந்தனை. வண்டியின் அழகு கெடுகிறது என்று அதைக் கழற்றிப் பரணில் போடும் இளைஞர் பலர். சேலைக்காக ஏற்பட்ட அந்தக் காப்பு, தொங்கும் பையையும் சக்கரத்திலிருந்து காப்பாற்றும். பயணத்துக்கு முன் அதைப் பரணிலிருந்து எடுத்துப் பொருத்திவிடுங்கள். உறுதியான பெட்டிகளை விரும்புவோரும் உண்டு. அவற்றுக்கு வால் சட்டத்தில் தனிக் கம்பி பொருத்த வேண்டும். இவ்வகை வண்டிக்கு அது பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. பின்னிருக்கையின் இடத்தில் பெட்டி வைத்தால் ஓட்டுபவரைத் தவிர வேறு எவரும் ஏறலாகாது என்று 2020-இல் விதி திருத்தப்பட்டதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். புறப்படும் நாளுக்கு முந்தைய மாலை, ஒரு கடையில் பின்பை வாங்கினேன். கடைப் பையன் அதை அங்கேயே கட்டித் தந்தான். முன் வார்களை இருக்கைக்கு அடியில் மாட்டினான். பின் வார்களை நம்பர் பிளேட்டைத் தாங்கும் பிளாஸ்டிக்கில் கொக்கியிட்டான். மேலே, கொக்கி வைத்த ரப்பர் கயிறு ஒன்றைக் குறுக்காக இழுத்துவிட்டான். பார்வைக்குக் கச்சிதமாக இருந்தது. முதல் நாள் ஹூப்ளி வரை ஒன்றும் நேரவில்லை. இரண்டாம் நாள் சித்ரதுர்காவை நெருங்குகையில், பின்னால் வந்த லாரி ஒன்று விடாமல் ஹார்ன் அடித்தது. வழி கேட்கிறது என்று எண்ணி ஒதுங்கினேன். அது என்னைக் கடந்து செல்லாமல், அருகிலேயே வந்து, ஓட்டுநர் கையை ஆட்டினார். நிறுத்திய பிறகுதான் துணி கருகும் வாடை வந்தது.

பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தது. தளர்ந்த வாரின் நுனி காற்றில் பறந்து, இடப்புறத்துச் சங்கிலியில் சிக்கி, பற்சக்கரத்தில் அரைபட்டு அறுந்திருந்தது. பை வலப்புறம் சரிந்து சைலன்ஸரின் மேல் படுத்துக்கொண்டிருந்தது. தங்கையின் குழந்தைக்கு வாங்கிய பட்டுப் பாவாடையில் தட்டளவு ஓட்டை. வார் மெல்லியதாக இருந்ததால் அறுந்தது. அறுபடாமல் சுற்றிக்கொண்டிருந்தால் பின்சக்கரம் ஓடும் வேகத்திலேயே பூட்டிக்கொண்டிருக்கும். பின்னால் வந்ததும் லாரிதான். இதை எண்ணிய பிறகு சிறிது நேரம் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

லாரி நாமக்கல் வண்டி. ஓட்டுநர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். பையைக் கழற்றி, தம்மிடமிருந்த பருத்திக் கயிற்றால் அவரே மறுபடி கட்டினார். கட்டிவிட்டு, பையைப் பிடித்து ஆட்டச் சொன்னார். "ஆட்டிப் பாரு தம்பி. மூட்டை மட்டும் தனியா ஆடினா கட்டு சரியில்லை. வண்டியும் சேர்ந்து ஆடணும்" என்றார். ஆட்டினேன், வண்டியும் சேர்ந்து ஆடியது. "அரை மணி ஓட்டிட்டு நிறுத்து. உள்ளே இருக்கிற துணி அமுங்கும், கயிறு தளரும். ஒரு தடவை இறுக்கிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு, தேநீருக்குக்கூட நிற்காமல் போய்விட்டார்.

அன்று முதல் நான் கட்டும் முறை அவருடையதே. வார்கள் நான்கு இடங்களில், நான்கு மூலைகளில், உலோகத்தைப் பற்ற வேண்டும். பின்னிருக்கையைக் கழற்றினால் அதன் அடியில் வால் சட்டம் தெரியும். அகலமான நாடாவைக் கண்ணி போல் அந்தச் சட்டத்தில் சுற்றி, நுனிகளை வெளியே விட்டு இருக்கையைப் பூட்டிவிட்டால், பையைக் கழற்றுவதும் மாட்டுவதும் எளிது. பின்பகுதிக்குப் பிடிகம்பி இருந்தால் அதையும், இல்லாவிட்டால் பின்னால் அமர்பவர் கால் வைக்கும் மிதியைத் தாங்கும் உலோகக் கையையும் நாடலாம். இண்டிகேட்டர் விளக்கு, நம்பர் பிளேட், மட்கார்டு ஆகியவற்றில் எதையும் கட்டலாகாது. ரப்பர் கயிறு நீளும் தன்மையுடையது. குழியில் வண்டி துள்ளும்போது அதுவும் நீண்டு மூட்டையைத் துள்ளவிடும். கழற்றும்போது கை நழுவினால் அதன் கொக்கி கண்ணுக்கு நேரே பாயும். மேலே ஒரு துண்டையோ மழையுடையையோ செருகிவைக்க அது உதவும். மூட்டையைத் தாங்கும் பொறுப்பை அதனிடம் ஒப்படைக்கக் கூடாது. பூட்டுக் கட்டையில் இழுத்து இறுக்கும் நீளாத நாடாவே தக்கது. இறுக்கிய பின் மிஞ்சும் நுனி ஒவ்வொன்றையும் சுருட்டி, முடிந்து, வாருக்கு அடியில் செருகிவிட வேண்டும். பறக்கும் நுனி ஒரு சாண் இருந்தாலும் சங்கிலிக்கு அது போதும்.

பாரம் ஏறிய வண்டி வேறொரு வண்டி. பின் டயரின் காற்றைக் கைப்புத்தகம் பாரத்துக்கெனக் குறித்துள்ள அளவுக்கு உயர்த்துங்கள். டயர் குளிர்ந்திருக்கும் காலை நேரத்திலேயே அளந்துவிடுங்கள். பின் ஸ்பிரிங்கை இறுக்கும் வசதி இருந்தால் ஒன்றிரண்டு படி இறுக்கலாம். பின்புறம் தாழ்வதால் முன்விளக்கு வானத்தைப் பார்க்கும். எதிரே வருபவர் கண் கூசாதபடி அதையும் தாழ்த்த வேண்டும். பிரேக் தூரம் கூடும். சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டி இடப்புறம் சாய்ந்திருப்பதால், மண் தரையில் பாரம் ஏற்றும்போது ஸ்டாண்டுக்கு அடியில் தட்டையான கல்லையோ மரத்துண்டையோ வையுங்கள்.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. ஜூன் முதல் செப்டம்பர் வரை புறப்படுவோருக்குச் சாத்தாராவிலிருந்து பெல்காம் வரை தென்மேற்குப் பருவமழை காத்திருக்கும். தீபாவளிக்குப் போகிறவர்களுக்கோ ஊர் நெருங்கும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை. பையுடன் தரும் மழை உறை நெடுஞ்சாலைக் காற்றில் பலூனாக ஊதி, சில சமயம் பறந்தே போய்விடுகிறது. அதை நம்புவதைவிட, உள்ளே வைக்கும் ஒவ்வொன்றையும் கனத்த பிளாஸ்டிக் பையிலிட்டு வாயைச் சுருட்டிக் கட்டுவதே மேல்.

பஞ்சர் ஒட்டும் சாதனம், காற்றடிக்கும் சிறு பம்பு, சங்கிலிக்கு இடும் எண்ணெய், முதலுதவிப் பொருள்கள் ஆகியவற்றை எடுத்துக்கொண்ட பிறகு மீந்த இடத்தில்தான் உடைகள். மூன்று சட்டைக்குப் பதில் இரண்டு போதும். ஊரில் துவைக்கும் கல் இருக்கிறது.

போகும்போது பையில் மூன்றில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. திரும்பி வரும்போது நடப்பதை நீங்கள் அறிவீர்கள். சாம்பார்ப் பொடி, வற்றல், அப்பளம், முறுக்கு, காப்பிப் பொடி என்று ஒவ்வொன்றாக வாசலுக்கு வரும். வேண்டாம் என்று சொல்ல மனம் வராது, சொன்னாலும் கேட்கமாட்டார்கள். அப்பளமும் வற்றலும் இலேசானவை. பின்பையின் மேல்பகுதியில் இடம் கொடுக்கலாம். பொடிகள் முதுகை ஒட்டிப் போகட்டும். ஆனால் அந்தப் பொங்கலுக்கு என் தாயார் ஐந்து கிலோ ஆவக்காய் ஊறுகாயைப் பீங்கான் ஜாடியில் நிரப்பி வைத்திருந்தார். "பின்னாலே வெச்சுக் கட்டிக்கோடா" என்றார். கருகிய பட்டுப் பாவாடையை அவருக்குக் காட்டியிருந்தேன். அதன் காரணத்தை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தேன். அப்போது சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஜாடியை வைக்கோலிட்ட அட்டைப் பெட்டியில் தாமே அடுக்கித் தந்தார். பேருந்துப் பார்சலில் போட்டேன். நான் புனே சேர்ந்த மூன்றாம் நாள் அதுவும் வந்து சேர்ந்தது. மூடியின் ஓரத்தில் எண்ணெய் கொஞ்சம் கசிந்திருந்தது, அவ்வளவுதான்.